சிகிரிய உளியும் உக்குவளை இரைச்சலும்: காந்தப் பொருள்களின் விகாரமும் அதிர்வும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை நகருக்குத் தெற்கே, சுது கங்கையின் கரையில், உக்குவளை நீர்மின் நிலையம் அமைந்துள்ளது. பொல்கொல்லையில் மறிக்கப்பெறும் மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து இங்கே இறங்குகின்றது. 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இத்தகைய நிலையமொன்றின் நிலைமாற்றிகளை அண்டி நிற்போர் ஓயாத இரைச்சலொன்றைக் கேட்பர். நீரோசையும் சுழலியின் ஓசையும் அதனோடு கலந்திருப்பினும் நிலைமாற்றியின் இரைச்சலைப் பிரித்தறிவது எளிது. ஏற்ற இறக்கமின்றி ஒரே சுருதியில் அது நிற்கும். நிலைமாற்றியின் உள்ளீட்டிற் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. அடுக்கி இறுக்கப்பட்ட இரும்புத் தகடுகளும், அவற்றைச் சூழ்ந்த செப்புச் சுருள்களும், எண்ணெயுமே அதன் அகத்தே உள்ளன. அவ்வாறாயின் ஒலிப்பது யாது?

பெரும்பாலும் இரும்பே ஒலிக்கின்றது. காந்தமாக்கப்படும்போது இரும்பு தன் நீளத்தைச் சிறிதளவு மாற்றிக்கொள்கின்றது. காந்தம் நீங்கியதும் பழைய நிலைக்கு மீள்கின்றது. இலங்கையின் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 முறை சுழல்வது. நீளமாற்றமோ காந்தப்புலத்தின் திசையைப் பொறுத்ததன்று. புலம் வடக்கு நோக்கினும் தெற்கு நோக்கினும் இரும்பு ஒரே வகையிலேயே நீளும். ஆகவே ஒரு சுழற்சிக்கு இருமுறையாக, செக்கனுக்கு 100 முறை இரும்பு நீண்டு சுருங்குகின்றது. நாம் கேட்கும் இரைச்சலின் அடிப்படை மீடிறன் இதுவே. இரண்டு மீற்றர் உயரமான இரும்புத் தூணொன்றில் ஏற்படும் மாற்றம் சில மைக்குரோமீற்றர் அளவினது. தலைமயிரின் தடிப்பிற் பத்திலொரு பங்கும் இராது. ஆயினும் பல தொன் நிறையுள்ள இரும்பு ஒருங்கே அசைவதால் அது வேலிக்கு அப்பாலும் கேட்கின்றது.

இதே மாத்தளை மாவட்டத்தின் வடபுறத்தில் சிகிரியா உள்ளது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்பட்ட உருக்கு உளியொன்று அங்கிருந்து கிடைத்து, கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரிலுள்ள உலோகவியலாளர் ஒருவரின் ஆய்வுமேசையைச் சென்றடைந்தது. அவ்வுளியை ஆராய்ந்தவரும், இன்று உலகெங்கும் நிலைமாற்றிகளின் அகணிகளில் இடம்பெறும் சிலிக்கன் உருக்கின் பிறப்புக்குக் காரணரானவரும் ஒருவரே. அவர் சேர் ரொபேட் ஹட்பீல்ட். இந்த இணைப்பைத் தற்செயல் என்று கொள்ளலாம். ஆனால் உளி இங்கிருந்து செல்லவும், அகணி அங்கிருந்து வரவும் காரணமான வரலாற்றைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. காந்தப்புலத்தாற் பொருளொன்றின் பரிமாணம் மாறுவதை ஈண்டு ‘காந்தவிகாரம்’ என வழங்குகின்றோம். ‘காந்தச் சுருக்கம்’ என்னும் தொடர் நீளும் பொருள்களுக்குப் பொருந்தாமையும், பௌதிகவியலில் ‘விகாரம்’ என்னும் சொல் எமது பாடசாலைகளில் ஏற்கெனவே நிலைபெற்றுள்ளமையும் இதற்குக் காரணங்களாம். மற்றொன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘உக்கு’ என்பது உருக்கைக் குறிக்கும் என்பதைக்கொண்டு உக்குவளை என்னும் ஊர்ப்பெயருக்கு இரும்புத் தொழிலோடு உறவு கற்பிக்க ஆசை எழுவது இயல்பே. ஒலியொப்புமையை மட்டும் வைத்து வரலாறு எழுதும் வழக்கம் எமக்கு உடன்பாடன்று. மாத்தளையின் இரும்புக்கு அதனினும் உறுதியான சான்றுகள் மண்ணுக்குள்ளேயே உள.

சிகிரியா–தம்புள்ளைப் பிரதேசத்திற் பட்டப்பின் தொல்லியல் நிறுவனம் சுவீடன் நாட்டு அறிஞர்களுடன் இணைந்து 1980களின் இறுதியில் தொடங்கிய குடியிருப்புத் தொல்லியல் ஆய்வு, அரண்மனைகளையும் விகாரைகளையும் விட்டுக் கிராமங்களை நோக்கியமையாற் சிறப்புடையது. அவ்வாய்வின் பேறாக அலகொலவெவப் பகுதியிலுள்ள தெஹிகஹ-அல-கந்த என்னுமிடத்தில் இரும்புருக்கும் உலைகளும் பெருமளவு கசடும் வெளிப்பட்டன. கிறித்துவுக்கு முற்பட்ட இறுதி நூற்றாண்டுகளிலிருந்து பிற்பட்ட முதல் நூற்றாண்டுகள்வரை அங்கே இரும்பு உருக்கப்பட்டது. காசியப்பன் (ஆட்சி 477–495) சிகிரியாவைத் தலைநகராக்குவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே அதன் சுற்றுப்புறக் கிராமங்களில் இரும்புத் தொழில் வேரூன்றியிருந்தது. பாறையைக் குடைந்த மன்னனின் பெயரைச் சூளவம்சம் சொல்கின்றது. உளி செய்தவர்களைக் கசடே சொல்கின்றது.

இவ்வினைஞர்களின் அறிவு சாதாரணமானதன்று. எந்தத் தாது உருகும், காற்று எவ்வளவு வேண்டும், கரி எவ்வளவு வேண்டும், எப்போது உலையை உடைக்க வேண்டும் என்பவற்றைக் கையாலும் கண்ணாலும் அறிந்திருந்தனர். காந்தம் இரும்பை ஈர்க்கும் என்பதையும் இந்தியத் துணைக்கண்டத்தின் பண்பாடுகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரத்திற் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக எடுத்தாண்டார். அவ்வுவமையிற் காந்தம் தான் அசையாது நின்று இரும்பை அசைவிக்கின்றது. தத்துவத்துக்கு அது போதுமானதாயிற்று. அசைவிக்கப்படும்போது இரும்பின் உள்ளே யாது நிகழ்கின்றது என்னும் வினாவுக்கு வேறு வகையான தேவைகள் தோன்றவேண்டியிருந்தது.

அத்தேவைகள் தோன்றிய இடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு மான்செஸ்ரர். ஜேம்ஸ் பிறெஸ்கொற் யூல் மதுவடிசாலை உரிமையாளரின் மகன். நீராவிக்குப் பதிலாக மின்காந்த இயந்திரம் ஆலையை ஓட்டுமா, ஓட்டினாற் செலவு குறையுமா என்பதே அவருடைய தொடக்கக் கேள்வி. இரும்பு காந்தமாகும்போது பருமனில் வளருமாயின் அவ்வளர்ச்சியைக் கொண்டு இயந்திரம் ஒன்றை ஓட்டலாமே என்னும் எண்ணம் அந்நகரத்து இயந்திரக்காரர் ஒருவரிடமிருந்து அவருக்குக் கிட்டியது. யூல் இரும்புக் கோலொன்றைச் சுருளினுள் வைத்து, அதன் நீளமாற்றத்தை நெம்புகோல்களாற் பெருப்பித்து அளந்தார். கோல் நீண்டது, ஆனால் தன் நீளத்தில் ஏறத்தாழ 7,20,000இல் ஒரு பங்கே நீண்டது. பின்னர் கோலை நீர் நிரம்பிய குழாயினுள் அமிழ்த்தி, மெல்லிய குழலொன்றில் நீர்மட்டம் ஏறுகின்றதா என நோக்கினார். ஏறவில்லை. நீளத்தில் வளர்ந்த இரும்பு குறுக்கே மெலிந்து தன் கனவளவைக் காத்துக்கொண்டது. 1842இல் வெளிப்படுத்திய இம்முடிவை விரிவான அளவீடுகளுடன் 1847இல் மீண்டும் வெளியிட்டார். இயந்திரம் ஓட்டுவதற்கு இம்மாற்றம் பயன்படாது என்பது தெளிவாயிற்று. ஆயினும் புதிய தோற்றப்பாடொன்று அறிவியலுக்குக் கிடைத்தது.

யூலுக்கு முன்னரே இதன் ஒலி கேட்கப்பட்டிருந்தது என்பதும் சுவையானது. அமெரிக்காவின் சேலம் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் பேஜ், சுருளொன்றில் மின்னோட்டத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் அருகேயுள்ள காந்தம் ஒலிப்பதை 1837இல் அறிவித்தார். ‘கல்வானி இசை’ என்று அதற்குப் பெயரிட்டார். மின்னோட்டத்தை இணைத்தலும் துண்டித்தலும் காந்தப்புலத் துடிப்புகளே. எனவே துடிப்புப் புலத்தில் இரும்பு அதிரும் என்னும் உண்மை, நிலையான புலத்தில் அது நீளும் என்னும் உண்மைக்கு ஐந்தாண்டு முன்னரே செவிவழியாக அறியப்பட்டது. 1861இல் பிராங்பேர்ட் நகரிற் பிலிப் றைஸ் காட்டிய தொலைபேசியின் ஒலிவாங்கும் பகுதியும் இதே தத்துவத்தில் இயங்கியது. அது சுருளொன்றினுள் நுழைத்த பின்னல் ஊசியும், அதனைத் தாங்கிய மரப்பெட்டியும் மட்டுமே.

யூல் தன் கோல்களை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மாத்தளையில் நிகழ்ந்தவற்றை இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கொண்டு கோப்பித் தோட்டக்காரருக்கு விற்பதற்கு வழிதிறந்தது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் வடபாதை வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1848இல் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது இராணுவச் சட்டத்தால் அடக்கப்பட்டனர். இரும்புருக்கும் தொழில் கரியை நம்பியது. கரி காட்டை நம்பியது. கண்டியரசின் சேவைமுறையில் இரும்பளித்து வாழ்ந்த ‘யமன்னு’ என்னும் உருக்குநர், ஒருபுறம் காட்டின் மீதான உரிமையும் மறுபுறம் பழைய சேவையமைப்பும் தகர்ந்த நிலையில், மலிவான பிரித்தானிய இரும்பின் போட்டிக்கு முகங்கொடுக்க வேண்டியவராயினர். தோட்டத்து மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் கப்பலில் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கனிப்பொருளளவையின் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பக்கத்தில் எஞ்சியிருந்த உருக்குநரைக் கண்டு அவர்தம் தொழில்முறையை எழுதிவைத்தபோது, அழியுந் தறுவாயிலிருந்த ஒன்றையே எழுதினார். அவர் அதனைக் கலைமரபின் வீழ்ச்சியாகக் கண்டார். நாம் அதனை உற்பத்தி அறிவொன்றின் அறுபடலாகவும் காண்கின்றோம்.

இக்காலத்தில் ஐரோப்பாவிற் காந்தவிகாரம் பற்றிய செய்திகள் பெருகின. இரும்பை இழுத்துத் தகைப்புக்கு உட்படுத்தினால் அதன் காந்தவியல்பு மாறுவதை 1865இல் இத்தாலியரான எமிலியோ வில்லாரி கண்டார். இது யூலின் விளைவினது மறுதலை. நிக்கல் நீளாது குறுகும் என்பதை 1882இல் டப்ளினில் வில்லியம் பரெற் காட்டினார். புலத்தை மேலும் மேலும் வலுப்படுத்தினால் இரும்பும் நீள்வதை நிறுத்தி, தன் இயல்பு நீளத்துக்கு மீண்டு, பின் அதனினும் குறுகும் என்பதை 1880களில் ஷெல்போட் பிட்வெல் நிறுவினார். வலிய புலத்தில் இரும்பு மென்புலத்து இரும்பைப் போல் நடவாது என்பதற்கு இதுவே முதற் சான்று.

பரெற்றின் பெயர் மீண்டும் வருகின்றது. செபீல்ட் உருக்காலை உரிமையாளரான ஹட்பீல்ட் தாம் ஆக்கிய கலப்புலோகங்கள் பலவற்றை மின், காந்த அளவீடுகளுக்காக டப்ளினில் பரெற்றிடமும் அவருடைய துணைவரான பிறவுணிடமும் ஒப்படைத்தார். 1900ஆம் ஆண்டளவில் வெளியான அவர்களின் முடிவுகளில் ஒன்று எதிர்பாராதது. ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு சிலிக்கன் கலந்த இரும்பு, தூய இரும்பினும் எளிதாகக் காந்தமாகியது; பின்னிடைவால் இழக்கும் சத்தியும் குறைந்தது; மின்றடை உயர்ந்திருந்தமையாற் சுழியோட்டங்களும் அடங்கின. 1903இல் ஹட்பீல்ட் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். நிலைமாற்றியின் அகணிக்கு இதனிலும் பொருத்தமான பொருளை அக்காலம் அறியவில்லை. உக்குவளையிலோ, பின்னர் 1981இல் தொடங்கிய போவதென்னையிலோ நிறுவப்பட்டவற்றைப் போன்ற எந்த நிலைமாற்றியின் அகணியும் இக்கண்டுபிடிப்பின் வழித்தோன்றலே.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1912இல், அதே ஹட்பீல்ட் தொன்மையான சிங்கள இரும்பும் உருக்கும் பற்றிய கட்டுரையொன்றை றோயல் கழகத்தின் வெளியீட்டிற் பதிப்பித்தார். கொழும்பு நூதனசாலையிலிருந்து கிடைத்த பொருள்களில் ஓர் உளியும் ஓர் ஆணியும் ஒரு கத்தியும் அடங்கின. உளியில் மங்கனீசு காணப்படாமை, மங்கனீசு உருக்கை உலகுக்கு அளித்த அவரது கவனத்தை ஈர்த்தது இயல்பே. உளி காபனேற்றப்பட்டதற்கான அறிகுறிகளையும் அவர் கண்டார். அதாவது, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சிகிரியக் கொல்லன், மென்மையான இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்கும் நுட்பத்தை அறிந்து கையாண்டிருந்தான். ஹட்பீல்ட் இதனை மதித்தே எழுதினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்நிகழ்ச்சியில் யார் யாரை ஆராய்கின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்தளையின் உருக்கு செபீல்ட்டில் ஆய்வுப்பொருளாகியது. செபீல்ட்டின் உருக்கு மாத்தளைக்குச் சந்தைப்பொருளாக வந்தது. ஆராயும் அறிவு மட்டும் எத்திசையிலும் கப்பலேறவில்லை.

குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த நாடொன்றுக்கு இது தவிர்க்கவியலாதது என வாதிடலாம். ஆசியாவில் எல்லாவிடத்தும் இவ்வாறே நிகழ்ந்ததா என நோக்கும்போது யப்பான் எதிரே நிற்கின்றது. 1878இல் தோக்கியோவிற்கு ஆசிரியராக வந்த யூயிங், மாணவர்களைத் துணைக்கொண்டு இரும்பின் காந்தவியல்பை அளந்தார். பின்னிடைவு என்னும் கருத்துக்கு அவரிட்ட பெயரே உலகில் நிலைத்தது. அவருக்குப்பின் வந்த நொற் காந்தவிகாரத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். 1887இல் அவரும் தனகாதத்தே ஐக்கிற்சுவும் பிறரும் யப்பான் முழுவதற்கும் காந்தவளவை நிகழ்த்தினர். நொற்றின் மாணவரான நகயோக்கா ஹன்தாரோ காந்தவிகாரத்தையே தம் ஆய்வுத்துறையாகக் கொண்டு, 1900இற் பாரிசில் நிகழ்ந்த அனைத்துலகப் பௌதிகவியல் மாநாட்டில் அதுபற்றி உரையாற்றினார். ஆசியர் ஒருவர் தம் நாட்டு ஆய்வுகூடத்தில் அளந்தவற்றை ஐரோப்பிய அறிஞர் இருந்து கேட்ட காட்சி அது. நகயோக்காவின் மாணவரான ஹொண்டா கொதாரோ 1917இல் வன்காந்த உருக்கொன்றை ஆக்கினார். 1926இல் அவரது குழுவினர் இரும்பின் தனிப்பளிங்குகளில் விகாரத்தை அளந்து, கனசதுர விளிம்பின் வழியே நீளும் இரும்பு மூலைவிட்டத்தின் வழியே குறுகும் என்று காட்டினர். பிட்வெல்லின் புதிர் இதனால் விளக்கம் பெற்றது. இரும்பு பல சிறிய காந்தக் களங்களாலானது. ஒவ்வொரு களமும் தன் காந்தத்திசையில் மிகச் சிறிதே நீண்டிருக்கும். மென்புலத்திற் களங்கள் எளிய திசைகளுக்கு மாறுகின்றன. வன்புலத்தில் அவை கடினமான திசைகளுக்கும் வலிந்து திருப்பப்படுகின்றன.

யப்பானின் இவ்வளர்ச்சியை நாம் வாய்விட்டுப் போற்றுவதற்கில்லை. அதன் பின்னே நின்றது படைவலிமை நாடிய அரசு. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவிகளுக்காக அலுமினியமும் இரும்பும் கலந்த காந்தவிகார உலோகமொன்றை யப்பானியக் கடற்படை பயன்படுத்தியது. எதிரணியினர் நிக்கலைப் பயன்படுத்தினர். எனினும் அந்நிய ஆசிரியர் ஒருவரின் கீழ்த் தொடங்கிய அளவீடு இரு தலைமுறைகளுக்குள் சொந்த மரபாக மாறியது என்பது உண்மை. இலங்கையிலோ பல்கலைக்கழகக் கல்லூரி 1921இலும் பல்கலைக்கழகம் 1942இலும் தோன்றின. அதுவரை பௌதிகவியல் என்பது இலண்டன் பரீட்சைக்குரிய பாடமாகவே பயிலப்பட்டது.

இனி, துடிப்புப் புலங்களுக்கு வருவோம். இரும்பகணி கொண்ட மின்காந்தங்களால் ஓரெல்லைக்கு மேற் செல்லவியலாது. ஏறத்தாழ 2 தெசுலாவில் இரும்பு நிரம்பிவிடுகின்றது. இரும்பை நீக்கிச் சுருளில் மட்டும் பேரோட்டத்தைச் செலுத்தினாற் சுருள் உருகிவிடும். கேம்பிறிட்ஜில் றதர்போட்டின் கீழ்ப் பணியாற்றிய உருசிய அறிஞர் பீற்றர் கப்பிற்சா, சுருள் உருகுவதற்கு முன்னரே பரிசோதனையை முடித்துவிடலாமே என்று கருதினார். தனித்துவமாக ஆக்கப்பெற்ற மின்பிறப்பாக்கியொன்றை முழுவேகத்திற் சுழற்றி, ஒரு கணம் சுருளுடன் குறுக்கிணைத்து, உடனே துண்டித்தார். செக்கனின் நூறிலொரு பங்கு நேரத்துக்கு 32 தெசுலா வரையான புலம் கிடைத்தது. மாத்தளையில் ஒரு திசைகாட்டியைத் திருப்பும் புவிப்புலத்தைப் போல் இது ஏறத்தாழ எட்டு இலட்சம் மடங்கு.

அத்துணைப் பேரோட்டம் திடீரெனப் பாயும்போது பிறப்பாக்கி தன் அடித்தளத்தையே குலுக்கியது. அதிர்ச்சி நிலத்தின் வழியே சென்று நுண்ணிய அளவுகருவிகளைக் கெடுக்கும். கப்பிற்சா அதிர்வைத் தடுக்க முயலாது, சுருளைப் பிறப்பாக்கியிலிருந்து 20 மீற்றர் தொலைவில் வைத்தார். நிலத்தின் வழியே அதிர்ச்சி அத்தூரத்தைக் கடந்து வருமுன்னரே நூறிலொரு செக்கன் கழிந்துவிடும். அளவீடு முடிந்த பின்னரே நிலநடுக்கம் வந்துசேரும். அறிவியல் வரலாற்றில் இதனினும் அழகிய எளிமையை நாம் அதிகம் கண்டதில்லை.

1932இற் கப்பிற்சா இவ்வன்புலத்திற் காந்தவிகாரத்தை அளக்கும் முறையையும் முடிவுகளையும் வெளியிட்டார். இரும்பு மட்டுமன்றி, பிசுமதுப் பளிங்கும் வன்புலத்தில் உருமாறும் என்று அவர் காட்டினார். காந்தவிகாரம் இரும்பின் தனிக்குணம் என்னும் எண்ணம் இதனால் தகர்ந்தது.

துடிப்புப் புலத்தில் விகாரத்தை அளப்போர் எதிர்கொள்ளும் இடரை இங்கு சிறிது விளக்குவோம். 10 சென்ரிமீற்றர் நீளமான இரும்புக் கோலொன்றினூடாக ஒலியலை சென்று கடக்க ஏறத்தாழ 20 மைக்குரோசெக்கன் எடுக்கும். அக்கோலைத் தட்டினால் அது செக்கனுக்கு ஏறத்தாழ 25,000 முறை நெடுக்காக அதிரும். கப்பிற்சாவின் துடிப்பு இதனோடு ஒப்பிடுகையில் மந்தமானது. ஆதலின் கோல் புலத்தை அடியொற்றி அமைதியாக நீண்டு சுருங்கும். ஆனால் புலம் சில மைக்குரோசெக்கனில் உச்சத்தை எட்டுமாயின் கோலுக்கு அதைப் பின்தொடர நேரமில்லை. தராசுத் தட்டிற் படியைத் திடீரென விட்டால் முள் தன் நிலையைத் தாண்டிச் சென்று ஊசலாடுவது போல, கோல் தன் உரிய நீளத்தைத் தாண்டி, ஏறக்குறைய இருமடங்கு வரை நீண்டு, புலம் மறைந்த பின்னரும் மணிபோல் ஒலித்துக்கொண்டிருக்கும். இதனோடு, மாறும் புலம் உலோகத்திற் சுழியோட்டங்களைத் தூண்ட, அவ்வோட்டங்கள் மீது அதே புலம் விசையைச் செலுத்திக் கோலை நெரிக்கவும் உதறவும் செய்யும். எனவே கருவி காட்டும் அசைவிற் பொருளின் உள்ளார்ந்த விகாரம் எவ்வளவு, வெறும் அதிர்வு எவ்வளவு, புறவிசையின் தாக்கம் எவ்வளவு எனப் பிரித்தறிவதே இத்துறையின் நெடுநாட் சிக்கலாகவிருந்தது. யூலுக்கு இச்சிக்கல் எழவில்லை. பேஜ் கேட்டது இச்சிக்கலை மட்டுமே.

கப்பிற்சாவின் வாழ்க்கையும் அறிவின் உடைமை பற்றிய வினாவை எழுப்புகின்றது. 1934இல் விடுமுறைக்குச் சோவியத்து நாடு சென்ற அவரைத் திரும்ப விடவில்லை. பின்னர் கேம்பிறிட்ஜ் அவருடைய கருவிகளை 30,000 பவுணுக்குச் சோவியத்து அரசுக்கு விற்றது. மனிதரைத் தடுத்து வைத்தமை நியாயமன்று என்பதே எமது கருத்து. எனினும் ஆய்வுகூடமே ஒரு நாட்டின் சொத்து, அதனைப் பெயர்த்தெடுக்க விலைகொடுக்க வேண்டும் என்பதை அவ்வரசு உணர்ந்திருந்தது.

வன்புலமின்றியும் காந்தவியலிற் சிறந்த பணியாற்றலாம் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928 முதல் தாக்காவிலும் 1933 முதல் கல்கத்தாவிலும் பளிங்குகளின் காந்தவியல்பு திசைக்குத் திசை வேறுபடுவதை அளந்தார். மெல்லிய படிக இழையொன்றிற் பளிங்கைத் தொங்கவிட்டு, சாதாரண மின்காந்தத்தின் புலத்தில் அது முறுகுவதையும் ஊசலாடுவதையும் கணித்தலே அவருடைய முறை. பிறப்பாக்கியும் பெருநிதியும் இல்லாதவிடத்துப் பொறுமையான கையே கருவியாயிற்று. கப்பிற்சாவின் பளிங்கு நூறிலொரு செக்கனில் விடைசொன்னது; கிருஷ்ணனின் பளிங்கு ஆறுதலாகச் சொன்னது. இரண்டையும் நாம் சமமாகவே மதிக்கின்றோம். ஆயினும் ஏழ்மையைச் சிறப்பாகப் பேசும் போக்கு எமக்கு ஏற்புடைத்தன்று. கிருஷ்ணனுக்கும் வன்புலம் கிட்டியிருப்பின் அவர் மறுத்திருக்க மாட்டார்.

பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகக் கூறலாம். 1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் தேபியம், திசுப்புரோசியம், இரும்பு ஆகியன கலந்த உலோகமொன்று ஆக்கப்பட்டது. அதன் விகாரம் ஆயிரத்தில் ஒரு பங்கையும் தாண்டுவது. யூலின் இரும்பினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. 2012இல் லொஸ் அலமோசில், சுருள் சிதையாமலே 100 தெசுலாவைத் தாண்டிய துடிப்புப் புலம் எட்டப்பட்டது. 2018இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில், சுருளும் சூழலும் சிதற, சில மைக்குரோசெக்கனுக்கு ஏறத்தாழ 1,200 தெசுலா எட்டப்பட்டது. நகயோக்காவின் பல்கலைக்கழகத்திலேயே இது நிகழ்ந்தமை கருதத்தக்கது. இக்காலத்தில் விகாரத்தை அளக்கப் பெரும்பாலும் ஒளியிழை பயன்படுகின்றது. பொருளோடு ஒட்டிய இழையில் நுண்ணிய வரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். பொருள் நீண்டால் வரிகளின் இடைவெளி விரிந்து, தெறிக்கும் ஒளியின் நிறம் மாறும். கண்ணாடியிற் சுழியோட்டம் பாயாது. ஆதலின் புலம் அதனை உதறாது.

நிலைமாற்றி உருக்கிலும் மாற்றங்கள் ஏற்பட்டன. 1934இல் நோர்மன் கொஸ், இரும்பு மணிகளின் கனசதுர விளிம்புகள் தகட்டின் நெடுக்கே ஒழுங்காக அமையும்படி உருட்டும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வாறமைந்த தகட்டிற் களங்கள் நேரெதிராகப் புரள்கின்றனவேயன்றிக் குறுக்கே திரும்புவது குறைவு. நேரெதிராகப் புரளும் களம் தன் நீளத்தை மாற்றாது. எனவே இரைச்சல் தணிகின்றது. சிலிக்கனை நூற்றுக்கு ஆறரைப் பங்காக்கினாற் காந்தவிகாரம் ஏறத்தாழ முற்றாக மறையும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஆனால் அத்துணைச் சிலிக்கன் ஏறிய தகடு உருட்டும்போது நொறுங்கும். அதனை விற்பனைக்குரிய தகடாக்கும் முறை 1990களில் யப்பானிய ஆலையொன்றிலேயே நிறைவேறியது.

மீண்டும் உக்குவளைக்கு வருவோம். நிலைமாற்றியொன்றை வலையமைப்போடு இணைக்கும் கணத்தில், அகணியில் எஞ்சியிருந்த காந்தமும் புதிய புலமும் ஒரே திசையிற் கூடுமாயின், இரும்பு நிரம்பலைத் தாண்டித் தள்ளப்படும்; வழக்கமான ஓட்டத்தினும் பன்மடங்கான ஓட்டம் துடிப்புத் துடிப்பாகப் பாயும். அப்போது எழும் உறுமல் அருகே நிற்போரைத் திடுக்கிடச் செய்யும். பின்னர் சிறிது சிறிதாகத் தணிந்து வழக்கமான சுருதிக்கு இறங்கும். பேஜ் 1837இற் கேட்டதும் கப்பிற்சா 20 மீற்றர் தொலைவு வைத்து விலக்கியதும் அந்தச் சில கணங்களில் ஒருங்கே கேட்கின்றன. அகணியை இறுக்கும் ஆணிகள் தளர்ந்தால் அச்சுருதியோடு வேறு மீடிறன்களும் கலக்கும். பழகிய வினைஞர் இரைச்சல் மாறியதைக் கொண்டே உள்ளே ஏதோ பிழையென்று உணர்வர். சிகிரியக் கொல்லனும் பட்டடையில் இரும்பைத் தட்டி, அதன் ஒலியைக் கேட்டே அதன் தரத்தை அறிந்திருப்பான். உக்குவளை வினைஞரின் செவி அறிந்ததை அளந்து எழுதுவதற்கு இன்று வேண்டியன ஓர் ஒலிவாங்கியும் ஓர் அதிர்வுமானியும் மட்டுமே. மாத்தளைப் பாடசாலை மாணவர் தமக்குத் தெரிந்த ‘விகாரம்’, ‘மீடிறன்’, ‘பரிவு’ என்னும் சொற்களிலேயே அதனை எழுதலாம்.